மூணு சட்டை 999 ரூபாய்: மீதியைக் கட்டியது யார்?

கேள்வி: அக்கா, வருஷா வருஷம் ஆடித் தள்ளுபடியில்தான் துணி எடுப்போம். இந்த முறை மூன்று டீ-ஷர்ட் 999 ரூபாய் என்று போட்டிருந்தார்கள், ஒன்பது எடுத்துவிட்டேன். பீரோ கதவு சாத்த முடியவில்லை. "இருக்கறதையே போட நாளைக் காணோம், இன்னும் ஒம்பது எதுக்குங் கண்ணு?" என்கிறார் மாமியார். மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி வைப்பது தப்பா? இதில் ஒன்று இரண்டாம் துவைப்பிலேயே வெளுத்துவிட்டது. கடையில் மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, காங்கேயம்

பதில்: வெளுத்த சட்டையை முதலில் முடித்துவிடலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் கடைக்காரர் பொறுப்பு தீர்ந்துவிடாது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தள்ளுபடிச் சரக்குக்கும் இதேதான். பில்லையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. (லேபிளில் "குளிர்ந்த நீரில் துவைக்கவும்" என்று இருந்து, நீங்கள் வெந்நீரில் ஊறவைத்திருந்தால் வழக்கு கொஞ்சம் இளைத்துவிடும். லேபிளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.)

இனி மாமியாருக்கு வருகிறேன். ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது, வியாபாரம் படுத்திருக்கும். கிடங்கில் தேங்கியதைத் தள்ளிவிடத்தான் தள்ளுபடி வந்தது. அன்றைக்கு ஆடியில் எடுத்த துணி தீபாவளி, பொங்கல் இரண்டையும் தாண்டும். இன்றைக்கு ஆடிக்கும் எடுக்கிறோம், தீபாவளிக்கும் எடுக்கிறோம், நடுவில் செல்போனில் ஏதாவது 'சேல்' கண்ணில் பட்டால் அதற்கும் எடுக்கிறோம்.

ஒரு சட்டை 333 ரூபாய். அதற்குள் பஞ்சு, நூல், நிட்டிங், சாயம், தையல், லாரி, கடை வாடகை, ஏ.சி. எல்லாம் அடங்க வேண்டும். அடங்காதது ஒன்று உண்டு, தண்ணீர். ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்கு உலகச் சராசரியாக 2,700 லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். பருத்திச் செடி குடித்ததிலிருந்து சாயப்பட்டறை வரை சேர்த்த கணக்கு. நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கிற ஆளுக்கு இரண்டரை வருஷத்துக்கு வரும்.

காங்கேயத்துக்காரருக்கு நான் லிட்டர் கணக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கம்தானே? நொய்யலில் 1992-ல் கட்டி முடித்தார்கள். கீழே சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். வெள்ளியங்கிரி மலையில் கண்ணாடி மாதிரிப் புறப்படுகிற ஆறு, திருப்பூரைத் தாண்டி அணைக்கு வந்தபோது சாயக்கழிவாக வந்தது. சில வருஷங்களிலேயே, "தயவுசெய்து தண்ணீர் திறக்காதீர்கள்" என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை. அணைக்குக் கீழே இருப்பவர்கள் மதகைத் திறக்காதே என்று போராடிய கதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

பலரும் நினைப்பதுபோல் அங்கே பெரிய வில்லன் நிறம் இல்லை. நிறத்தை ஓரளவு எடுத்துவிடலாம். சாயம் பருத்தியில் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கொட்டுகிற உப்பு இருக்கிறதே, அதுதான் போகாது. கிணற்றில் இறங்கும், மண்ணில் உட்காரும், தென்னை மட்டை காயும். விவசாயிகள் வழக்காடி, உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரித்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றது. பல ஆயிரம் பேருக்கு வேலை போன நாட்கள் அவை, அதையும் மறக்கக் கூடாது. இன்று அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றன. கரண்ட், விறகு, சவ்வு எல்லாமே செலவு. அது கிலோ சாயக்கூலியில் ஏறுகிறது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். கழிவைச் சுத்தம் பண்ணும் பட்டறையின் துணி சில ரூபாய் கூடும். எங்கோ இன்னோர் ஊரில் ஆற்றில் திறந்துவிடும் பட்டறையின் துணி அந்தச் சில ரூபாய் குறையும். கடையில் தொங்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "எது மலிவு?" என்று மட்டும் கேட்டு எடுக்கும்போது நாம் யாருக்குப் பரிசு கொடுக்கிறோம் என்று யோசியுங்கள்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் புடவைக் கடை என்றால் கால் தானாகத் திரும்பும். நான் பழகிக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: விலையை, எத்தனை தடவை உடுத்துவேன் என்பதால் வகுத்துப் பார்ப்பது. 333 ரூபாய்ச் சட்டையை ஆறு தடவை போட்டு மூலையில் எறிந்தால் ஒரு தடவைக்கு 55 ரூபாய். 700 ரூபாய்ச் சட்டையை 70 தடவை போட்டால் 10 ரூபாய். எது மலிவு? உங்கள் மாமியார் இதை வகுக்காமலே சொல்லிவிட்டார். அவர் காலத்தில் வேட்டி கிழிந்தால் தூளியாகும், தூளி நைந்தால் கரித்துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் வந்தால் அவருக்குப் போட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மீதி எட்டை என்ன செய்வது? நன்றாக இருப்பதைப் போடுங்கள். அடுத்த ஆடிக்குக் கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து எண்ணிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மேஜை டிராயரில் நான்கு பழைய செல்போன்கள் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் 200 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் போனுக்குள் தங்கம், வெள்ளி, செம்பு, பேட்டரியில் கோபால்ட் எல்லாம் இருக்கின்றன. பிரித்தெடுக்கத் தெரியாத கைக்குப் போனால் ஒயரைக் கொளுத்துவார்கள், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் முக்குவார்கள். உத்தரப்பிரதேசம் முராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரை கறுத்துப்போனது இப்படித்தான். 2022-ல் உலகம் எறிந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசிகூட இல்லை.

முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரி மட்டும் போயிருந்தால் மாற்றி, வீட்டில் யாருக்காவது கொடுங்கள். ஒரு போனால் உண்டாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. அதனால் கூட இரண்டு வருஷம் ஓட்டுவதே பெரிய லாபம். செத்துப்போனதைத் தயாரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, தான் விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றி, கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போட வேண்டாம், குத்தவும் வேண்டாம்.

கேள்வி: "மூங்கில் துணி, இயற்கைக்கு நண்பன்" என்று விளம்பரம் பார்த்தேன். பனியன் ஒன்று 650 ரூபாய். பூமிக்கு நல்லது என்றால் வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு என்கிற ரசாயனங்களில் கரைத்து இழையாக்கினால் கிடைப்பது விஸ்கோஸ் ரேயான். சந்தையில் வரும் மூங்கில் துணியில் பெரும்பாலானது இதுதான். ரேயானை மூங்கில் துணி என்று விற்றதற்காக வால்மார்ட், கோல்ஸ் இரண்டு கடைகளும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2022-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நம் ஊரிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. 'இயற்கை', 'பசுமை' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். துணி மெத்தென்று இருக்கிறது, பிடித்திருக்கிறது என்றால் வாங்குங்கள். விஸ்கோஸ் பனியன் பக்கத்துக் கடையில் என்ன விலை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.