ஒரு தலை, நூற்றுக்கணக்கில் வால்

கேள்வி: வெப்பமண்டலக் கடல்களில் என்னென்ன புழு இனங்கள் உள்ளன என்று எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?

பதில்: சுத்தியலோடுதான் ஆரம்பம்! செத்த பவளத்துண்டை உடைத்தால் உள்ளே துளையிட்டுக் குடியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே படமெடுத்துவிடுவேன். பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் நிறம் போய்விடும், மரபணுவும் கெடும். அதனால் ஒரு துணுக்கு தனியே ஆல்கஹாலுக்கு. முதலில் மெக்னீசியம் குளோரைடில் மயக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டு துண்டாகித் தொலைக்கும். அப்புறம் நுண்ணோக்கியில் ஒவ்வொரு முள்மயிராகப் பார்த்து இனம் பிரிப்பது, கண்ணைப் பிடுங்கும் வேலை. இப்படி முள்மயிர் கொண்ட பாலிகீட் புழுக்களில் மட்டும் 11,000 இனங்களுக்கு மேல் பெயர் வைத்தாயிற்று.

2012-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் அருகே கிடைத்த ராமிசில்லிஸ் மல்டிகாடேட்டா என்ற பாலிகீட் புழுவைப் புது இனமாக விவரித்தார்கள். கடற்பஞ்சு என்ற கடலுயிரிக்குள் வாழ்கிறது, ஒரே தலை, கிளைகிளையாக நூற்றுக்கணக்கில் வால்கள்! பஞ்சையும் பிய்த்துப் பாருங்கள் என்று மாணவர்களை நான் நச்சரிப்பது இதனால்தான்.