ஸ்கோப்பின் கண்ணாடி சரி, ஜீரோ நிற்குமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறேன். போன மாதம்தான் மான் வேட்டைக்கான உரிமம் கைக்கு வந்தது. .308 ரைஃபிள் வாங்கிவிட்டேன். சம்பார் மானுக்குப் போக ஆசை. கடைக்காரர் 6-24×50 ஸ்கோப் ஒன்றை (துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி; 6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ. விட்டம்) 450 டாலருக்குத் தருகிறேன், ஆயுள் உத்தரவாதம் உண்டு என்கிறார். இணையத்தில் பெரிய பிராண்டின் பெயர் போட்டே ஒன்று 200 டாலருக்கு விற்கிறது. நண்பரோ, ஐரோப்பிய ஸ்கோப் இல்லாமல் காட்டுக்குள் போகாதே, 2,500 டாலர் போடு என்கிறார். நல்லது எது என்று நானே பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா? வீட்டில் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிளும் இருக்கிறது. அதே ஸ்கோப்பை அதில் மாட்டிப் பழகலாமா?

பதில்: உங்களிடம் பேசிய மூன்று பேரும் கண்ணாடியைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான் பேசியிருக்கிறார்கள். ஜீரோ என்ற சொல்லை ஒருவர்கூட எடுக்கவில்லை. குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பதுதான் ஜீரோ. ஸ்கோப் மாட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதுமே 23 வருடமாக என் வேலை. மங்கலாகத் தெரிகிறது என்று கொண்டுவருகிறவர்கள் குறைவு. போன வாரம் சரியாகச் சுட்டது, இந்த வாரம் ஒரு சாண் தள்ளிப் போகிறது என்று வருகிறவர்களே அதிகம்.

ஏன் என்று புரிய, ஸ்கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வெளியே தெரியும் குழாய்க்குள் இன்னொரு சிறிய குழாய் இருக்கிறது. மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள குமிழ்களைத் திருகும்போது ஒரு திருகு அந்தச் சிறு குழாயைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் திருப்பி அழுத்திப் பிடிக்கிறது. குறி நகர்வது இப்படித்தான். .308 சுடும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங்கும் திருகும் ஒரு சம்மட்டி அடி வாங்குகின்றன. மலிவான ஸ்கோப்பில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் கடையில் நின்று பார்க்கிறவருக்கு இது தெரியாது. கண்ணாடி தெரியும். அதனால் கண்ணாடிக்குக் காசு போடுகிறார்கள்.

முதலில் அந்த 6-24×50ஐ மறந்துவிடுங்கள். சம்பார் என்பது நம் கடமான்தான். நெல்லைப் பக்கம் மிளா என்பார்கள், இலங்கையில் மரை. 1860களில் விக்டோரியாவில் கொண்டுவந்து விடப்பட்ட கூட்டத்தின் வாரிசுகள் இவை. கிழக்கு விக்டோரியாவின் அடர்ந்த மலைக்காட்டில் இருக்கின்றன. டார்கோ, லிகோலா பக்கம் போனால் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் பார்ப்பீர்கள், அதுவும் மரத்துக்கும் புதருக்கும் நடுவே ஒரு காதும் தோளும். 24 மடங்கில் வைத்தால் 100 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம்தான் தெரியும். மான் எங்கே என்று ஸ்கோப்புக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள், அது போய்விட்டிருக்கும். 3 மடங்கில் பத்து மீட்டருக்கு மேல் தெரியும்.

வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. இங்கே சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரைதான் மான் வேட்டை. சம்பார் நடமாடுவது அந்த இரண்டு முனைகளிலும்தான். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுங்கள்: 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன் அது. அந்தியில் இளைஞர் ஒருவரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பது வயதுக்காரருக்கு 5 மி.மீ. சுமார். அந்த நேரத்தில் 2 மி.மீ. வெளிச்சம் எதற்குக் காணும்? ஒரு சாதாரண 3-9×40ஐ 6 மடங்கில் வைத்தால் 6.7 மி.மீ. வருகிறது. கடைக்காரருக்கு இந்த வகுத்தல் கணக்கு தெரியாமல் இருக்காது. பெரிய எண் சீக்கிரம் விற்கும், அதில் லாபமும் கூடுதல்.

கண்ணாடி விஷயத்தில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் 16 முகங்கள் இருந்தால் பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விடும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா கண்டுபிடித்த மெல்லிய பூச்சுதான் இதை மாற்றியது. பெட்டியில் 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்று இருக்கட்டும்; அதாவது காற்றைத் தொடும் எல்லா முகத்திலும் பல அடுக்குப் பூச்சு. வெறும் 'மல்ட்டி கோட்டட்' என்றால் ஏதோ சில முகங்களில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 92 சதவீதம், 95 சதவீதம் என்று ஒளி அளவை விளம்பரம் செய்வார்கள். எந்த நிற ஒளியில் அளந்தது, முழு ஸ்கோப்பிலா ஒற்றைக் கண்ணாடியிலா என்று சொல்ல மாட்டார்கள். அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கும் தெரியாது. 'ட்வைலைட் ஃபேக்டர்' என்றொரு எண்ணும் போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது, அவ்வளவுதான். பாட்டில் அடியை வெட்டி லென்ஸாகப் போட்டாலும் அதே எண்தான் வரும்.

கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். ஸ்கோப்பைத் தனியாக வாங்கி, சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். வானத்துக்கு எதிரே நிற்கும் கிளையின் ஓரத்தில் ஊதா நிறம் வழிகிறதா? நடுவில் கூர்மையாக இருப்பது ஓரத்தில் கரைந்துபோகிறதா? கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ. விட்டும் முழு வட்டம் தெரிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். .308 பின்னால் உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நீராவி படிகிறதா என்று வீட்டில் பார்த்துவிடலாம். 1947இல் அமெரிக்காவின் லூப்போல்ட் நிறுவனம் குழாய்க்குள் நைட்ரஜன் வாயு அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு, மங்காத ஸ்கோப் என்பது சாதாரண எதிர்பார்ப்பு ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே படிந்ததைத் துடைத்த பிறகும் உள்ளே புகைபோல நின்றால் வாயு கசிந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. சுடுதளத்தில் 100 மீட்டரில் ஜீரோ செய்து மூன்று தோட்டா சுடுங்கள். குமிழைத் திருகும்போது கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு படி. உங்கள் ஸ்கோப்பின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் ஒரு எம்.ஓ.ஏ.) என்றால், 100 மீட்டரில் ஒரு கிளிக் 7 மி.மீ.க்குச் சற்று மேல். 40 கிளிக் மேலே ஏற்றி மூன்று சுட்டால் 29 செ.மீ. உயர வேண்டும். பிறகு 40 கிளிக் கீழே இறக்கி மறுபடி மூன்று. இவை முதல் மூன்று விழுந்த இடத்திலேயே விழ வேண்டும். 29க்குப் பதில் 28 வந்தால் உங்களுக்குக் கவலையில்லை. நீங்கள் காட்டில் குமிழைத் திருகப்போவதில்லை. திரும்பி வராததுதான் கவலை. திருகிய பிறகு முதல் இரண்டு தோட்டா பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவே விழுந்து, மூன்றாவதுதான் சரியாகப் போனால் உள்ளே ஸ்பிரிங் பலவீனம். அந்த ஸ்கோப்பை எனக்கு இலவசமாகக் கொடுத்தாலும் ரைஃபிளில் மாட்ட மாட்டேன். அப்புறம் ரைஃபிளைக் காரில் போட்டுக் கரடுமுரடான மண் பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து, குமிழைத் தொடாமல் மறுபடி மூன்று சுடுங்கள். மொத்தம் ஒரு பெட்டித் தோட்டா செலவு.

ஜீரோ நகர்ந்தால் உடனே ஸ்கோப்பைத் திட்ட வேண்டாம். என்னிடம் ஒருவர் மூன்றாவது ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் இரண்டையும் கெட்டுவிட்டதென்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளையும், அவற்றைத் துப்பாக்கியோடு சேர்க்கும் அடித்தட்டான பேஸையும் கழற்றிப் பார்த்தேன். மாட்டிக் கொடுத்த கடையில் முன்பக்கத் திருகுக்கு நீளம் கூடிய ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதன் நுனி உள்ளே போய் முட்டியதால் இறுகியது போலத் தெரிந்திருக்கிறது. பேஸோ கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. சில காசு பெறுமானமுள்ள ஒரு திருகு. அந்த மனிதர் ஆயிரம் டாலருக்கு மேல் இழந்தார், ஒரு பருவமும் போயிற்று. மூன்றாவது ஸ்கோப்பை விற்ற அதே கடையில் ஒருவராவது திருகை எடுத்துப் பார்த்திருக்கலாமே. பார்த்திருந்தால் மூன்றாவதை விற்றிருக்க முடியாது.

ஆகவே பேஸையும் ரிங்கையும் நீங்களே மாட்டுங்கள், அல்லது பக்கத்தில் நின்று மாட்டச் சொல்லுங்கள். திருகுகளில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, முறுக்கு அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவரால் ரிங் திருகுகளைச் சுமார் 2 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் போதும். ரிங்கோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. கைபலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கி உள்ளே இருக்கும் சிறு குழாய் சிக்கிக்கொள்ளும். ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்தால் ஸ்கோப் வழுக்கியிருக்கிறது. 450 டாலர் ஸ்கோப்புக்கு 20 டாலர் ரிங் போடுவது, தேரைச் செய்துவிட்டு அச்சாணிக்குக் குச்சியைச் செருகுவது மாதிரி.

அந்த 200 டாலர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். பெரிய பிராண்டின் பெயர் பொறித்த போலி ஸ்கோப்புகள் பல வருடமாகப் புழங்குகின்றன. லூப்போல்ட் நிறுவனமே தன் பெயரில் போலி வருகிறதென்று வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. பெட்டி, கையேடு, பொன்னிற வளையம்வரை அச்சு அசலாக இருக்கும். வாங்கும் முன்பு வரிசை எண்ணை விற்பவரிடம் கேட்டு, தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிபாருங்கள். எண்ணைத் தர மறுத்தால் அங்கேயே பேச்சை முடியுங்கள். "அந்தப் பெரிய பிராண்டுக்குச் செய்கிற அதே ஆலையில் செய்தது" என்பது இன்னொரு வலை. ஆலை ஒன்றாகவே இருக்கலாம். ஜப்பானின் லைட் ஆப்டிகல் வொர்க்ஸ் பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறது. ஆனால் எந்த ஸ்பிரிங், எந்தப் பூச்சு, நூற்றில் எத்தனையைக் கழித்துக்கட்டுவது என்பதெல்லாம் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறவரின் முடிவு. ஒரே தையல்காரர் தைத்தார் என்பதற்காகப் பருத்தி பட்டாகிவிடாது.

ஆயுள் உத்தரவாதம் என்றால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: யாருடைய ஆயுள், ஆஸ்திரேலியாவிலேயே பார்ப்பார்களா, போகவர அனுப்பும் செலவு யாருடையது. பின்வாசல் இறக்குமதியாளரிடம் வாங்கியதற்கு இங்குள்ள முகவர் பொறுப்பேற்காமல் போகலாம். சில நிறுவனங்கள் நல்ல மனதோடு புது ஸ்கோப்பையே கொடுத்துவிடுகின்றன, உண்மைதான். ஆனால் பழையது ஏன் கெட்டது, நூற்றுக்கு எத்தனை திரும்பி வருகிறது என்று வெளியே சொல்வதில்லை. ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திர ஒட்டி உண்டு, காருக்கு மோதல் சோதனை மதிப்பெண் உண்டு. தொலைநோக்கிக் குறிகாட்டிகளுக்கும் ஐஎஸ்ஓ 14135 என்று ஒரு தரநிலை இருக்கத்தான் செய்கிறது. என் மேசைக்கு வந்த பெட்டிகளில் அதைக் குறிப்பிட்டதை நான் பார்த்ததில்லை. ஒரு விலங்கைச் சித்திரவதை இல்லாமல் வீழ்த்துவது இந்தக் கருவியைப் பொறுத்திருக்கிறது, அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

உங்கள் நண்பர் சொன்ன ஐரோப்பிய ஸ்கோப் நல்ல பொருள்தான். அந்தியின் கடைசிப் பத்து நிமிடத்தில் அதன் அருமை தெரியும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. 2-7×33 அல்லது 3-9×40, ஊரறிந்த பிராண்ட், உள்ளூர் முகவரிடம், 500 முதல் 700 டாலருக்குள். ரிங்குக்கும் பேஸுக்கும் தனியாக 150 டாலர் எடுத்து வையுங்கள். மிச்சத்தைத் தோட்டாவில் போட்டுப் பழகுங்கள்.

கடைசியாக ஏர் ரைஃபிள். மற்ற விதிவிலக்குகளை விட்டுவிடுகிறேன், இதை விட முடியாது. வருடா வருடம் இதனால் ஸ்கோப் சாகிறது. .308 பலமாக உதைத்தாலும் ஒரே திசையில், பின்னால்தான் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் நகரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது அதே துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். ஒரு சுடலுக்கு இரண்டு அடி, எதிரெதிர்த் திசையில். ரைஃபிள் ஸ்கோப்பின் லென்ஸ்களைப் பின்னுதையை மனதில் வைத்தே இறுக்கியிருப்பார்கள். முன்னால் வரும் இழுப்பில் லென்ஸோ குறுக்கு இழையோ நகர்ந்துவிடும். .308ஐப் பத்து வருடம் தாங்கிய ஸ்கோப் ஒன்று ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஒரே மாதத்தில் உள்ளே கலகலவென்று ஆடியபடி என்னிடம் வந்திருக்கிறது. ஏர் ரைஃபிள் என்றால் லேசானது என்று நினைத்து மாட்டியிருந்தார். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதில் தாராளமாக மாட்டலாம். ஆனால் இரண்டுக்கும் இன்னொரு சிக்கல் பொது: வேட்டை ஸ்கோப்பின் பேரலாக்ஸ், அதாவது கண் அசைந்தாலும் குறி இலக்கை விட்டு விலகாமல் தெரியும் தூரம், பெரும்பாலும் 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். 25 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே குறி இலக்கின் மேல் அலையும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே, இரண்டு பக்க உதையையும் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பைத் தனியாக வாங்குங்கள். 150 டாலருக்கே கிடைக்கும். ஏற்கெனவே யாராவது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் வைத்திருந்த பழைய வேட்டை ஸ்கோப்பை உங்களிடம் விற்க வந்தால், காதருகே வைத்து லேசாகக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் வேண்டாம்.