ஒருநாள் பள்ளி, ஒருநாள் வீடு: ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நாளை எப்படி அமைப்பது?

(இது 2021 நவம்பரில் எழுதியது. கொரோனாவுக்காக மூடிக் கிடந்த தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல அப்போது சுழற்சி முறையில், பாதி வகுப்பு ஒருநாள், மீதி மறுநாள் என்று நடந்தன.)

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறாள். நான் வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து வீடு வர மதியம் இரண்டரை ஆகிவிடும். ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அதுவும் என்னோடு வந்துவிடும். வீட்டில் மாமியார் இருக்கிறார். பள்ளி இல்லாத நாளில் மகள் பத்து மணிக்குத்தான் எழுகிறாள், புத்தகத்தைத் தொடுவதில்லை. நான் வந்ததும் போனை வாங்கினால் இரவு வரை தருவதில்லை. கேட்டால் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் என்கிறாள். பள்ளி நாளிலோ வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். வீட்டில் இருக்கும் நாளுக்கு எப்படி டைம்டேபிள் போடுவது?

பதில்: டைம்டேபிள் போடுவதற்கு முன்னால் வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்துகிறார்களா, அல்லது பாடம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதா? ஒரு வகுப்பறையில் 20 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற கொரோனா காலக் கட்டுப்பாட்டால்தான் இந்தச் சுழற்சி முறை. ஆனால் அதைப் பள்ளிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதே பாடத்தை மறுநாள் அடுத்த குழுவுக்கு எடுக்கிறார்கள் என்றால், வீட்டில் இருக்கும் நாளில் புதுப் பாடம் எதுவும் தப்பிப் போகவில்லை, அது பயிற்சிக்கான நாள். பாடம் நகர்கிறது என்றால் மற்ற குழுவில் இருக்கும் ஒரு தோழியின் நோட்டு அவசியம். பல வீடுகளில் இது தெரியாமலேயே பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து தூக்கம். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஒருநாள் ஆறரைக்கும் மறுநாள் பத்துக்கும் எழுந்தால், முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது, பள்ளி நாளில் வகுப்பில் கண் சொக்கும். எனவே பள்ளி உண்டோ இல்லையோ, ஆறரைக்கு எழுவது, ஒன்பதரைக்குப் படுப்பது. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் வேண்டாம். எட்டு மணிக்கு மேல் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். பள்ளி மாதிரியே காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை உட்கார வைக்க நினைக்காதீர்கள், நடக்காது. காலையில் முக்கால் மணி நேரமாக இரண்டு அமர்வு போதும். போன் இல்லாததைக் குறையாக நினைக்கவும் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை ஆன்லைன் வகுப்பு என்றால் 30 முதல் 45 நிமிடம் வரை, நாளுக்கு இரண்டு அமர்வுதான் என்று 2020 ஜூலையில் மத்திய அரசின் வழிகாட்டுதலே சொன்னது.

ஒன்பதரைக்கு முதல் அமர்வு, கணக்கு. இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு வீட்டிலேயே முடிந்துவிட்டது. பின்னமும் முழுக்களும் (கழித்தல் எண்களும் சேர்ந்த முழு எண்கள்) ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் வருபவை. ஏழாம் வகுப்புக் கணக்கோ முழுக்களின் கூட்டலில்தான் தொடங்குகிறது. கழித்தல் மூன்றோடு (−3) ஐந்தைக் கூட்டினால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்; விடை இரண்டு. எட்டு என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, பேப்பரில், முழுதாக எழுதி. விட்டுப்போன பாடங்களுக்கான புத்தாக்கப் பயிற்சிப் புத்தகத்தைப் பள்ளியில் கொடுத்திருந்தால் அதிலிருந்தும் செய்யலாம். இந்த ஓட்டையை அடைக்காமல் பாடத்தோடு ஓடச் சொல்வது வீண் என்பது என் எண்ணம்.

பத்தே முக்கால் வாக்கில் இரண்டாவது அமர்வு. தமிழோ ஆங்கிலமோ ஒரு பக்கத்தைப் பாட்டிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்கட்டும், பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து அரைப் பக்கம் எழுதட்டும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, திக்குவது காதில் விழும். ஒன்றரை வருடம் போனைத் தேய்த்த கை எழுத மறுக்கிறது; தேர்வில் பதில் தெரிந்தும் எழுதி முடிக்காத பிள்ளைகள் இப்போது நிறைய. அறிவியல், சமூக அறிவியலுக்குத் தனி நேரம் வேண்டாம், பள்ளி நாள் மாலையில் அன்று நடத்தியதைப் பத்து வரி எழுதினால் போதும்.

புரியாததை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் பள்ளியில் முதல் வேலை அதைக் கேட்பது. வீட்டு நாளும் பள்ளி நாளும் ஒட்டுவது இந்தப் பக்கத்தில்தான். வகுப்பில் கூட்டம் குறைவாக இருப்பதால் ஆசிரியரும் நின்று பதில் சொல்வார்.

பதினொன்றரைக்கு மேல் விட்டுவிடுங்கள். விளையாடட்டும், வரையட்டும், சும்மா இருக்கட்டும். ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள்: பெண் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றதும் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. சின்ன வேலை செய்யலாம், காலை அந்த இரண்டு அமர்வையும் தின்னும் வேலை வேண்டாம். மாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வந்து சாப்பிட்ட பிறகு, மூன்றரையிலிருந்து நாலேகால் வரை போன். வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுச் செய்யட்டும். வீட்டுப்பாடம் இரவில்தான் குழுவில் வருகிறது என்றால், பள்ளி நாளிலேயே கரும்பலகையில் எழுதிப்போட முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு போன் வீடுகள் நிறைய என்று அவர்களுக்கும் தெரியும். நேரம் மிஞ்சினால் பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை, பாட வீடியோக்கள் உள்ள அரசின் தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்து ஒரு வீடியோ பார்க்கலாம்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2021-இல் கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் உங்கள் திண்டுக்கல்லும் ஒன்று. மாலை 5 முதல் 7 மணிக்குள் பக்கத்திலேயே தன்னார்வலர் நடத்தும் மையம் இருக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள். இருந்தால் தினமும் அனுப்புங்கள், அப்புறம் வீட்டில் மாலைப் படிப்பு தேவையே இல்லை. இந்த நவம்பரில் பல மாவட்டங்களில் மழை விடுமுறை வேறு வந்து சுழற்சி மாறிப்போனது. அதனால் கிழமையை வைத்து அட்டவணை எழுதாதீர்கள், ‘பள்ளி நாள்’, ‘வீட்டு நாள்’ என்று இரண்டு தாள் மட்டும் ஒட்டுங்கள்.

மதிப்பெண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் பெயிலாக்குவதில்லை. ஆனால் தூக்கம் சரியான பிறகும் பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்று வலி, தலைவலி என்று தொடர்ந்தால் அதட்டி அனுப்பாதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழையுங்கள்.