வாசகர் கேள்வி – பதில்: நடுவானில் எரிபொருள் தீர்ந்தால்

கேள்வி: உச்சிப்புளி கடற்படை விமானத்தளம் பக்கத்தில் இருப்பதால் சிறு விமானங்களை அடிக்கடி பார்க்கிறோம். எரிபொருள் தீர்ந்து சிறு விமானம் விழுந்தது என்று வெளிநாட்டுச் செய்திகளில் படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. நாங்களே டேங்கில் குச்சி விட்டு டீசலை அளந்த பிறகுதான் விசைப்படகை எடுக்கிறோம். பயிற்சி பெற்ற விமானிக்கு இது எப்படித் தவறுகிறது?
– விசைப்படகு உரிமையாளர், மண்டபம்

பதில்: விமானிக்கும் அதே குச்சிதான். செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தில், இறக்கைமீதுள்ள மூடியைத் திறந்து, அளவு குறித்த குச்சியை விட்டுப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இறக்கைக்குள் இருக்கும் டேங்க் ஆழமற்றது; விமானம் சாயும்போதெல்லாம் உள்ளே எரிபொருள் அலைவதால் மிதவையோடு இணைந்த முள்ளும் ஆடும்; ஆகவே அந்த முள்ளை மட்டும் நம்புவது சரியில்லை. குச்சி விட சோம்பல்பட்டு, நேற்று நிரப்பியதுதானே என்று புறப்பட்டவர்கள் விபத்துப் பட்டியலில் உண்டு.

ஆனால் சரியாக அளந்தவரும் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் வானில் எரிபொருளை லிட்டரால் அல்ல, நேரத்தால் எண்ண வேண்டும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 300 கி.மீ. தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் என்று கணக்கிட்டிருக்க, எதிரே 50 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். திரும்பும்போது அந்தக் காற்றே பின்னாலிருந்து தள்ளி ஈடுகட்டிவிடும் என்பது பலர் செய்யும் தவறு: திரும்பி வர 1 மணி 12 நிமிடம் ஆகும், ஆக மொத்தம் 3 மணி நேரப் பயணம் 3 மணி 12 நிமிடமாக நீள்கிறது. கச்சான் காற்றை எதிர்த்துக் கரைக்கு வந்து பழகிய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. போதாததற்கு, மேலே ஏறிய பின் எரிபொருள்–காற்றுக் கலவையில் எரிபொருளின் பங்கைக் குறைக்காமல் விட்டால், கையேட்டில் போட்டிருக்கும் செலவைவிட இன்ஜின் கூடுதலாகவே குடிக்கும். பகல் பயணத்துக்கு 30 நிமிடக் கையிருப்பு வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அதையும் பயணத்துக்கான எரிபொருளாக நினைத்துச் செலவழிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இன்னொரு வகையும் உண்டு: ஒரு டேங்க் காலியாகி இன்ஜின் நின்றுவிடும், மறு டேங்கில் எரிபொருள் அப்படியே இருக்கும், வால்வைத் திருப்ப மறந்திருப்பார்கள். இது விமானியின் மறதி, எரிபொருள் குறைவு அல்ல.

பெரிய விமானங்களும் தப்பவில்லை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில், 22,300 கிலோ எரிபொருள் இருக்க வேண்டிய போயிங் 767 விமானத்தில், பவுண்டையும் கிலோவையும் குழப்பியதால் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. இரண்டு இன்ஜின்களும் நின்ற பிறகு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் அதைச் சறுக்கியபடியே இறக்கினார்கள். அனைவரும் உயிர் பிழைத்தனர்.

கேள்வி: எதற்கு இந்தக் கணக்கு? டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பக் கூடாதா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: எடைதான் தடை. செஸ்னா 172-இன் புதிய வகையில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும்; அதுவே ஏறக்குறைய 144 கிலோ. டேங்கை நிரப்பி, நான்கு பெரியவர்களும் ஏறினால், பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டிவிடும்.

கேள்வி: பாம்பன் கடலுக்கு மேலே இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுமா?
– பாம்பன் வாசகி

பதில்: விழாது. பாய் இறக்கிய வல்லம் உடனே நின்றுவிடாததைப் போல, விமானமும் உயரத்தைச் செலவழித்து முன்னே சறுக்கிச் செல்லும். செஸ்னா 172 தான் இழக்கும் உயரத்தைப் போல ஒன்பது மடங்கு தூரம் போகும். காற்றில்லாத வேளையில் 900 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 8 கி.மீ., நேரத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடம். இரண்டு கி.மீ. சொச்சம் நீளமுள்ள பாம்பன் பாலத்தைக் கடந்து ஏதாவது ஒரு கரையைப் பிடிக்க அது போதும். 200 மீட்டர் உயரத்தில் நின்றால் நடுவில் இறங்குவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம்.

கடலில் இறங்க நேர்ந்தால், பெரிய அலைகளுக்குக் குறுக்காக அல்லாமல் அவை நீளும் திசையிலேயே இறக்க வேண்டும். மடங்காத சக்கரங்கள் முதலில் நீரில் சிக்குவதால் விமானம் குப்புறக் கவிழக்கூடும். கதவும் நெளிந்து அடைத்துக்கொள்ளலாம் என்பதால் இறங்கும் முன்பே அதைத் திறந்து வைப்பார்கள். உயிர்காப்பு உடுப்பை அணிந்துகொள்ளலாம், ஆனால் வெளியே வந்த பிறகுதான் காற்று நிரப்ப வேண்டும்; உள்ளேயே நிரப்பியவர் விமானம் மூழ்கும்போது கூரையோடு ஒட்டி மிதப்பார், கதவு அவருக்குக் கீழே இருக்கும்.