ஆயுள் உள்ளவரை மட்டும் என்று எழுதிய உயில்

கேள்வி: என் கணவர் சென்ற ஆண்டு காலமானார். கும்பகோணத்தில் அவருக்கு இரண்டு சொத்துகள். ஒன்று, இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் உழைத்த காசில் கட்டிய வீடு. இன்னொன்று, 1984 பாகப்பிரிவினையில் கிடைத்த பாட்டனார் காலத்து வயல். 'இவற்றை என் மனைவி ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை, அவளுக்குப் பின் என் தம்பி மகனைச் சேரும்' என்று ஊரில் உயில் பதிவு செய்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். விதவைக்கு எல்லாமே முழுச் சொத்துதான், விற்கலாம் என்கிறாள். கொழுந்தனாரோ, எப்படியும் என் மகனுக்கு வரப்போவதுதானே, இப்போதே உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பவர் எழுதிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உயிலில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், நீங்கள் இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருப்பதும் வாடகை வாங்குவதும் உங்கள் உரிமை. கொழுந்தனார் மகனின் முறை உங்கள் காலத்துக்குப் பிறகுதான். விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால், கையில் இருக்கும் இந்த உரிமையும் போய்விடும்.

இனி, உங்கள் மகள் சொல்வது. நிலமும் வீடும் இந்தியாவில் இருப்பதால், நீங்கள் எந்த நாட்டுக் குடிமகளாக இருந்தாலும் அவற்றுக்கு இந்தியச் சட்டம்தான். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவு, இந்துப் பெண் வசமுள்ள சொத்துக்கு அவரே முழு உரிமையாளர் என்கிறது. மகள் படித்தது இதைத்தான். ஆனால் அடுத்த உட்பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தானமாகவோ உயில் மூலமாகவோ வந்த சொத்தில், அந்த ஆவணமே உரிமையைக் குறுக்கியிருந்தால் அந்தக் குறுக்கம் செல்லும் என்கிறது 14(2).

உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு 2006இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கணவர் தன் சொத்தை மனைவிக்கு ஆயுள் உரிமையாகவும், அதன்பின் தன் உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கும் எழுதியிருந்தார். மனைவி அதை ஒரு குருத்வாராவுக்குத் தானம் கொடுத்தார். தானம் செல்லாது என்று தீர்ப்பானது. 2022இல் வந்த இன்னொரு தீர்ப்பும் அதே வழியில்தான் போனது. ஆகவே கும்பகோணத்து வீட்டைப் பொறுத்தவரை, விற்கலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உயில் எழுதாமலே அவர் போயிருந்தால், மாமியாரும் இல்லாத பட்சத்தில், நீங்களும் மகளும் முழு உரிமையோடு சரிபாதியாக எடுத்திருப்பீர்கள். காலமெல்லாம் கூட வாழ்ந்தவருக்கு இப்படி எழுதி வைத்தது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சுயசம்பாத்தியத்தை விரும்பியபடி எழுதும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது.

ஒரு வழி மட்டும் இன்னும் அடைபடவில்லை. ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு விதவைக்குக் கொடுத்த சொத்து, பத்திரத்தில் என்ன கட்டுப்பாடு எழுதியிருந்தாலும் அவருக்கே முழுச் சொத்தாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலில் கொடுத்த ஆயுள் உரிமைக்கும் இது பொருந்துமா என்பதில் அதன் பிறகு வந்த தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், 2024 டிசம்பரில் இரு நீதிபதிகள் இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். எனவே உயிலை வரிவிடாமல் படித்து, ஜீவனாம்சம், பராமரிப்பு போன்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கறிஞரிடம் முதலில் அந்த வரியைக் காட்டுங்கள்.

வயலின் கதை வேறு. உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். பாட்டனாரிடமிருந்து இறங்கி, பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகச் சொத்து என்பது உறுதியானால், அது முழுவதும் உங்கள் கணவருடையது அல்ல. இதே வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005இல் வந்த திருத்தத்துக்குப் பின், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. உங்கள் 1984 பாகப்பிரிவினை அண்ணன் தம்பிகளுக்குள் நடந்தது. அதைக் கலைக்கச் சொல்லி உங்கள் மகள் கேட்கப்போவதில்லை. அப்பா கைக்கு வந்த பங்கில்தான் தன் பாதியைக் கேட்கிறார். அடுத்தவர் பங்கை எழுதிக் கொடுக்க உயிலுக்கு அதிகாரமில்லை. மீதிப் பாதிக்குத்தான் அந்த உயில் செல்லும், அதிலும் உங்களுக்கு ஆயுள் உரிமை உண்டு. ஆனால் பாட்டனார் எந்த ஆண்டு இறந்தார், சொத்து யார் யார் கைமாறி வந்தது என்பதைப் பொறுத்து இது மாறக்கூடும். அதனால் ஊகத்தில் இறங்காமல் பழைய பத்திரங்களைத் தேடி எடுங்கள்.

ஈசூன் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு கூட்டு உரிமையில் உங்கள் இருவர் பெயரிலும் இருந்தால், அது உங்களுக்கே வந்துவிட்டது. சம்பளத்திலிருந்து சேர்ந்த மத்திய சேம நிதிப் பணமும் உயிலில் சேராது. நியமனம் செய்திருந்தால் அதன்படியும், இல்லையென்றால் இங்குள்ள வாரிசுச் சட்டத்தின்படியும் அது பிரியும். ஊர் உயிலைக் காட்டி யாரும் இதில் பங்கு கேட்க முடியாது.

உயிலின் நகல், 1984 பத்திரம், வயலின் பட்டா, இரண்டு சொத்துகளுக்கும் வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு கும்பகோணத்தில் சிவில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வில்லங்கச் சான்றுக்கு இங்கிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொழுந்தனாருக்கு வேண்டியவராக இல்லாத வழக்கறிஞராக இருக்கட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயல் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால், வாதியாக நிற்க வேண்டியவர் அவர்தான்.