கேம் புரோகிராமர் ஆக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ-வில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் படித்தவள். வீடியோ கேம் புரோகிராமர் ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் ‘கேமிங்’ என்ற பெயரில் மூன்றாண்டு பி.எஸ்சி. இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் பி.இ. கணினி அறிவியலும் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: பி.இ. கணினி அறிவியல் அல்லது பி.டெக். ஐ.டி. கிடைத்தால் அதிலேயே சேர்த்துவிடுங்கள். கேம் உருவாக்குவதை அந்த நான்கு வருடங்களில் கூடவே கற்றுக்கொள்ளட்டும்.

திரை நொடிக்கு 60 முறை மாறும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் தோன்றும் ஒரு படத்துக்கு, கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். அதற்குள் பட்டன் அழுத்தத்தைப் படிக்க வேண்டும், எதிரிகளை நகர்த்த வேண்டும், மோதல்களைக் கணக்கிட வேண்டும், காட்சியை வரைந்து முடிக்க வேண்டும். தாமதமானால் ஆட்டம் திக்கும். ஏன் திக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. அதற்கு டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவுகளை ஒழுங்காக அடுக்கும் முறை), ஆப்பரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் (கணினியின் உள்ளமைப்பு) ஆகியவை அத்துப்படியாக இருக்க வேண்டும். இவை பி.இ. பாடத்திட்டத்தின் மையத்தில் இருக்கின்றன.

‘கேமிங்’ பெயர் தாங்கிய படிப்புகள் பலவற்றில் 3டி மாடலிங், டெக்ஸ்சரிங், அனிமேஷன்தான் பெரும்பகுதி. அவையும் நல்ல வேலைக்குத் தயார் செய்பவைதான், ஆனால் அது கலைஞர்களின் வேலை. அந்தக் கல்லூரியிடம் விளம்பரத் தாளை வாங்காதீர்கள். செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சி பிளஸ் பிளஸ் குறைந்தது இரண்டு செமஸ்டர், டேட்டா ஸ்ட்ரக்சர், லீனியர் அல்ஜீப்ரா (வெக்டர், அணிகள் பற்றிய கணிதம்), கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாமல் ஃபோட்டோஷாப், 3டி மென்பொருளான மாயா என்று வரிசையாக இருந்தால் உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் கேம் கல்விக்கே பெயர்பெற்ற டிஜிபென் கல்லூரிகூட, புரோகிராமர்களுக்கான பட்டத்தைக் கணினி அறிவியல் பட்டமாகவே தருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2023, 2024-இல் உலகெங்கும் கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்பின. அப்படி ஒரு நிலை வந்தால், கணினி அறிவியல் பட்டம் வேறு மென்பொருள் வேலைக்கும் வழிவிடும். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க நினைத்தால், மூன்றாண்டுப் பட்டத்தை அப்படியே ஏற்காத பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் நிறைய. கலந்தாய்வில் நினைத்தது கிடைக்காமல் போனால் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்து, இரண்டாண்டு எம்.சி.ஏ. முடிக்கலாம். அதுவும் சரியான வழிதான்.

கணிதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். அணிகள், வெக்டர் இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றும் இந்தத் தொழிலில் தினசரிப் புழக்கம். ஓர் எதிரிக்கு ஆட்டக்காரர் கண்ணில் படுகிறாரா என்று எப்படி முடிவு செய்வது? எதிரி பார்க்கும் திசை ஒரு வெக்டர். எதிரியிலிருந்து ஆட்டக்காரரை நோக்கிய திசை இன்னொன்று. இரண்டையும் ஓரலகு வெக்டராக்கி, அதாவது நீளத்தை 1 ஆக்கி, புள்ளிப் பெருக்கல் செய்தால் இடைக் கோணத்தின் கொசைன் கிடைக்கும். அது 0.5-ஐவிடப் பெரிதானால் ஆட்டக்காரர் 60 டிகிரிக்குள் இருக்கிறார், எதிரி பார்த்துவிட்டான். ஓரலகாக்க மறந்தால்? 80 டிகிரி பக்கவாட்டில், 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் விடை சுமார் 1.7 வரும். பார்வைக்கு வெளியே இருப்பவரை எதிரி சுட ஆரம்பிப்பான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இந்தப் பிழை பிடிபடாது. பொருள் புரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார்.

முதல் வருடம் எஞ்சின், அதாவது கேம் உருவாக்குவதற்கான ஆயத்த மென்பொருள், பக்கமே போக வேண்டாம். தமிழ்நாடு பாடத்திட்டம் என்றால் பிளஸ் ஒன்னில் படித்த சி பிளஸ் பிளஸ்ஸையே தொடரட்டும். ரேலிப் அல்லது எஸ்.டி.எல். நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்துப் பாங், பிரேக்அவுட் போன்ற, மட்டையால் பந்தை அடிக்கும் சின்ன ஆட்டங்களை மெனு, ஒலி, மதிப்பெண்ணோடு முழுமையாக முடிக்க வேண்டும். எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஃப்ரேமுக்கு இவ்வளவு என்று பந்தை நகர்த்துவது. ஃப்ரேமுக்கு 0.1 மீட்டர் என்று எழுதினால் 60 ஃப்ரேம் ஓடும் கணினியில் பந்து நொடிக்கு 6 மீட்டர் போகும். 144 ஃப்ரேம் ஓடும் கணினியில் 14.4 மீட்டர் பறக்கும். வேகத்தை நொடிக் கணக்கில் வைத்து, முந்தைய ஃப்ரேமுக்குப் பிறகு கடந்த நேரத்தால் பெருக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் ஏதாவது ஒரே ஓர் எஞ்சின். யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ். காடோ என்ற எஞ்சின் முழுக்க இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அன்ரியலுக்கு 16 ஜிபி ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதல் வருடமே அதற்காகக் கடன் வாங்கி லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளின் பழக்கமும் இப்போதே வர வேண்டும். யூனிட்டி தானாக உருவாக்கும் லைப்ரரி ஃபோல்டரை, நிரலைச் சேமிக்கும் இணையதளமான கிட்ஹப்பில் ஏற்றக்கூடாது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் நேரடியாக ஏற்காது, அதற்குப் பெரிய கோப்புகளுக்கான கிட் எல்.எஃப்.எஸ். வசதி இருக்கிறது.

மூன்றாம் வருடம் ஒரு துறையில் ஆழமாக இறங்கட்டும்: கிராஃபிக்ஸ், நெட்வொர்க், எதிரிகளின் செயற்கை அறிவு, குழுவுக்கான கருவிகள். 1999-இல் குவேக் என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதைப் பொறுமையாக வாசிப்பது நல்ல பயிற்சி. ஜனவரியில் நடக்கும், குழுவாகச் சேர்ந்து சில நாட்களில் ஒரு கேம் உருவாக்கும் குளோபல் கேம் ஜாமில் சேர்ந்தால் ஓவியரோடும் ஒலிக்காரரோடும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் வரும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அரைகுறையாகப் பத்து இருப்பதைவிட முழுமையாக முடித்த இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட வீடியோ, நிரலின் இணைப்பு, குழுவில் தான் எழுதிய பகுதி எது என்ற தெளிவான குறிப்பு இருக்கட்டும். பெரிய ஸ்டூடியோக்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் பக்கம் அதிகம் என்பதால் வெளியூர் போகத் தயாராக இருக்க வேண்டும்.

கலந்தாய்வுக்கு முன் இருக்கும் விடுமுறையில், பிளஸ் டூ-வில் படித்த பைத்தானை வைத்தே ஒரு பாங் ஆட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். பைகேம் நூலகம் போதும். பந்து மட்டைக்குள் சிக்கிக்கொள்வது போன்ற பிழைகள் நிச்சயம் வரும். அவற்றைத் துரத்திப் பிடிப்பதில் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்தால் பி.இ.யை உறுதி செய்யுங்கள். நிரலை விட்டுவிட்டு மட்டைக்கும் பின்னணிக்கும் படம் வரைவதிலேயே மூழ்கிவிட்டால், அந்த ‘கேமிங்’ பி.எஸ்சி.யின் பாடத்திட்டத்தை இன்னொரு முறை எடுத்து அவளோடு உட்கார்ந்து படியுங்கள்.