மகளின் கட்டுரையில் உயர்வு நவிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உயர்வு நவிற்சி அணி (ஒன்றை இயல்புக்கு மீறி உயர்த்திச் சொல்வது) என்றால் என்ன என்று கேட்டால் விளக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறாள். கட்டுரையில் எழுதச் சொன்னால் ‘மிக மிக அழகு’, ‘ரொம்ப ரொம்பப் பெரியது’ என்பதோடு நின்றுவிடுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மிகைப்படுத்தப் பழக்கினால் பொய் சொல்லும் பழக்கம் வந்துவிடாதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: முதலில் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். இந்த அணி உங்கள் மகளின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பசி உயிர் போகுது’, ‘குளிர்ல பல்லு தந்தி அடிக்குது’, ‘ஆயிரம் தடவை சொல்லிட்டேன்’ எல்லாமே உயர்வு நவிற்சிதான். ஒரு நாள் முழுக்க வீட்டில் யார் யார் எதையெல்லாம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று குறித்துவரச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும் வீடு என்றால் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அடுத்தது அந்த ‘மிக மிக’. அதைத் தடை செய்வதால் பயனில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அது உன்னை என்ன செய்தது?’ ‘புத்தகப் பை மிகவும் கனமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். கனம் அவளை என்ன செய்தது? தோள்பட்டை இறங்கியது, முதுகு வளைந்தது, கால் தரையில் அழுந்தியது. இதெல்லாம் உண்மை. இதில் ஒன்றை மட்டும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கால் அழுந்தியதை எடுத்தால், ‘நல்லவேளை, நேற்று மழை பெய்யவில்லை. ஈர மண்ணாக இருந்திருந்தால் பையோடு கழுத்துவரை புதைந்திருப்பேன்’ என்று வரும். வெயிலுக்கும் அதே வழிதான். மைதானத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை என்பது உண்மை. ‘அந்த மண்ணில் நெல்லைக் கொட்டியிருந்தால் பொரிந்திருக்கும்’ என்பது அதை இழுத்தது. உண்மையாக உணர்ந்த ஒன்று அடியில் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிதாக எழுதினாலும் வாக்கியம் சத்தம் போடுமே தவிர மனதில் நிற்காது.

ஒன்றை மட்டும் இழுப்பது எப்படி என்பதற்குக் குறளே நல்ல பாடம். ‘அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்’ (1120). அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகும்கூட அவள் பாதத்தில் நெருஞ்சிமுள்ளாகக் குத்துமாம். கண், கூந்தல், நடை எதையும் வள்ளுவர் இங்கே தொடவில்லை. பாதத்தின் மென்மை, அது மட்டுந்தான். நகரத்துப் பிள்ளைகளுக்கு நெருஞ்சி தெரியாது. எங்காவது தரிசு நிலத்தில் கண்டால் ஒரு முள்ளைப் பறித்துக் கையில் வைத்துக் காட்டுங்கள், குறள் தானாகப் புரியும். (அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் உயர்வு நவிற்சியை அதிசய அணி என்கிறது. மேல் வகுப்பில் அந்தப் பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம்.)

உவமையோடு கலந்துவிடுவதும் உண்டு. ‘சிங்கம் போல் பாய்ந்தான்’ என்பது உவமை. ‘அவன் பாய்ந்த வேகத்தில் மதிற்சுவர் இரண்டடி நகர்ந்துகொண்டது’ என்பது உயர்வு நவிற்சி. ‘போல’ வந்தால் உவமை என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒரே வரியில் சேர்ந்தும் வரும்.

இனி, பொய் பற்றிய உங்கள் கவலை. அது நியாயமான கவலை. பொய் சொல்பவர் நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார். உயர்வு நவிற்சியை எழுதுபவரும் படிப்பவரும், இது நடக்காது என்று இருவருமே தெரிந்து ரசிக்கிறார்கள். அதனால் நடக்கக்கூடிய அளவில் மிகைப்படுத்துவதுதான் ஆபத்து. ‘எங்கள் தாத்தாவிடம் ஐம்பது மாடுகள் இருந்தன’ என்று இல்லாததை எழுதினால் அது பொய், ஏனென்றால் யாரும் நம்பிவிடுவார்கள். ‘எங்கள் தாத்தாவின் பசு கறந்தால் தெருவில் பரிசல் விடலாம்’ என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். ‘பை இருபது கிலோ’ என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். ஆசிரியர் அதைத் தவறான தகவல் என்றே நினைப்பார். ஆகவே மிகைப்படுத்துவதென்றால் கூச்சமில்லாமல், நடக்கவே முடியாத தூரத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

எங்கே எழுதக்கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தில் ‘காய்ச்சலில் உடம்பு அடுப்பாக எரிகிறது’ வேண்டாம், ‘காய்ச்சல்’ போதும். அறிவியல் விடை, செய்தி அறிக்கை ஆகியவற்றிலும் அப்படித்தான். கதை, அனுபவக் கட்டுரை, தோழிக்கு எழுதும் கடிதம் இவற்றில் தாராளமாக வரலாம், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். பத்தி முழுக்க இதையே அடுக்கினால் படிப்பவருக்குச் சலித்துவிடும்.

தேர்வில் ‘சான்று தந்து விளக்குக’ என்று கேட்டால், சான்றை எழுதியதும் அதில் எது இயல்பு, எது உயர்த்திச் சொல்லப்பட்டது என்று ஒரு வரியில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விளக்கத்தை மட்டும் ஒப்பித்து, இந்தப் பொருத்தத்தை விட்டுவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.